சுவர்ப் படமும் சுகாதாரமும்

(ஒரு பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், ஊர்ச் சுவர்களில் எழுதப்படும் படங்களைக் கொண்டு பொதுச் சுகாதாரத்தில் மக்களுக்கு நம்பிக்கை உண்டாக்க முடியுமா, முடியுமானால் எப்படி என்பதாகும். இதைக் கேட்டவுடன் உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரலாம். "நம்பிக்கையை ஒழிக்க வேண்டும் என்று ஊர் ஊராய்ப் பேசித் திரிகிறவர்கள், இப்போது நம்பிக்கையை உண்டாக்கப் புறப்பட்டு விட்டார்களே!" என்று நினைக்கலாம். ஆகையால் முதலில் அதற்குப் பதில் சொல்லிவிட்டு மேலே போவோம்.

நாம் ஒழிக்க வேண்டும் என்று சொல்லுவது மூட நம்பிக்கையை. அதாவது காரணம் கேட்காமலும், கணக்குப் பார்க்காமலும், பெரியவர்கள் சொன்னார்கள் என்பதற்காகவே தலையாட்டும் நம்பிக்கையை. ஆனால் ஒரு கடைக்காரர் ஒருவருக்குக் கடன் கொடுக்கிறார் என்றால் அவரும் ஒரு நம்பிக்கையின் பேரில்தான் கொடுக்கிறார். போன தடவை வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தாரா, சொன்ன தவணைக்கு வந்தாரா என்று பார்த்துக் கொடுக்கிறார். இதற்கு நாணயம் என்று பெயர். வைத்தியத்தின் மேலும் சர்க்காரின் மேலும் மக்களுக்கு வரவேண்டிய நம்பிக்கை இந்த நாணய நம்பிக்கைதானே ஒழிய, கோவில் நம்பிக்கை அல்ல. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால், இன்று நாம் சொல்லப்போவது முழுவதும் தானாகவே விளங்கும்.

தோழர்களே! சுவர்ப் படத்தின் சக்தியை முதல்முதல் அறிந்துகொண்டவர்கள் டாக்டர்கள் அல்ல, புரோகிதர்களே ஆவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத மக்களுக்குப் புத்தகம் எழுதிப் பயன் இல்லை என்பது அவர்களுக்கு நன்றாய்த் தெரியும். அதனால்தான் எண்ணெய்க் கொப்பரையையும், செக்கையும், எமகிங்கரர்களையும் படமாய் எழுதிக் காட்டினார்கள். அதைப் பார்த்த மக்கள் பயந்து நடுங்கி, மடியில் இருந்ததை அவிழ்த்துத் தட்டில் போட்டார்கள்.

இந்தச் சக்தி வேறு கைக்குப் போனால் மதக்காரர்களுக்கு எவ்வளவு ஆத்திரம் வருகிறது என்பதற்கு ஒரு உதாரணம் சொல்லுவோம். அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்துக் கலைக்கூடத்தில் 1932, 1933-ம் வருஷங்களில் மெக்சிகோ தேசத்துச் சித்திரக்காரரான டியேகோ ரிவேரா என்பவர், மோட்டார்த் தொழிலையும் தொழிலாளிகளையும் 27 பகுதிகளாகச் சுவரில் எழுதினார். அதில் ஒரு பகுதியில் ஒரு குழந்தைக்குத் தடுப்பூசி போடுவதாக எழுதியிருந்தார். பக்கத்தில் டாக்டரும் நர்சும். முன்னால் குதிரை, மாடு, ஆடு. பின்னால் மூன்று விஞ்ஞானிகள். அவ்வளவுதான். "இது ஏசு பிறந்த காட்சியைக் கேலி செய்கிறது, எங்கள் மதத்துக்கு அவமானம்" என்று பாதிரிமார்கள் கூச்சல் போட்டார்கள். ஒரு பத்திரிகை சுவர் முழுவதையும் சுண்ணாம்பு அடித்து அழித்துவிடச் சொல்லிற்று. பணம் கொடுத்து எழுதச் சொன்ன எட்செல் ஃபோர்டு அதற்கு இணங்காததால் அந்தப் படம் இன்றும் இருக்கின்றது. ஒரு குழந்தையை நோயிலிருந்து காப்பாற்றுவதைப் படம் எழுதினால் மதத்துக்கு ஏன் அவமானம் வரவேண்டும் என்பதை நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள்.

ஆனால், படம் எழுதிவிட்டால் மட்டும் நம்பிக்கை வந்துவிடுமா? அதற்கு அதே அமெரிக்காவில், மூன்று வருஷம் கழித்து, நியூயார்க் நகரத்தில் நடந்த ஒரு சங்கதியைச் சற்று விரிவாய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நியூயார்க்கில் ஹார்லெம் என்று ஒரு பகுதி. அது கறுப்பு மக்கள் நெருங்கி வாழ்ந்த இடம். அடிமைகளாய் விற்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள், தென் மாகாணங்களின் கொடுமை தாங்காமல் பிழைக்க வந்து குடியேறிய இடம். அங்கே நகரசபையின் ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. அவர்களுடைய பேட்டையிலேயே இருந்த அந்த ஆஸ்பத்திரியில் 1919-ம் வருஷத்தில்தான் முதல்முதல் ஒரு கறுப்பு டாக்டருக்கு இடம் கிடைத்தது. அவர் பெயர் லூயிஸ் ரைட். அவர் ஹார்வர்ட் சர்வகலாசாலையில் படித்துப் பட்டம் பெற்றவர். அப்படிப்பட்டவருக்கே இந்த நிலைமை என்றால், கூலி வேலை செய்து நோயில் விழுந்தவனை அங்கே எப்படி நடத்தியிருப்பார்கள்?

1935-ம் வருஷம் மார்ச் மாதம் 19-ந் தேதி ஹார்லெமில் ஒரு கலகம் உண்டாயிற்று. ஒரு கடையில் ஒரு பையன் அற்பக் காசு பெறும் பேனாக்கத்தி ஒன்றைத் திருடினான் என்று பிடித்தார்கள். பிறகு அவனை விட்டும் விட்டார்கள். ஆனால் தெருவில் நின்ற கூட்டம் ஆம்புலன்ஸ் வண்டி வந்ததைப் பார்த்தது. அதன் பின் தற்செயலாய் ஒரு பிண வண்டியும் வந்து நின்றதைப் பார்த்தது. "பையனை அடித்தே கொன்று விட்டார்கள்" என்று ஊர் முழுவதும் பரவிவிட்டது. பையன் உயிரோடு இருக்கிறான் என்று போலீஸ் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. அன்றைய கலகத்தில் மூன்று பேர் உயிர் போயிற்று.

ஜனங்கள் புரளியை நம்பினார்கள், ஆகையால் அவர்கள் முட்டாள்கள் என்று சிலர் சொல்லக்கூடும். நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். அதற்கு முன் எத்தனையோ தடவை அடித்ததும், அடித்துவிட்டு இல்லை என்று சொன்னதும் அவர்களுக்குக் கணக்காய்த் தெரியும். பலமுறை ஏமாற்றியவன் ஒரு தடவை உண்மை சொன்னால் எவன் நம்புவான்? அவர்களுடைய அவநம்பிக்கை மடமை அல்ல. அது பழைய பாக்கி. கலகத்துக்குக் காரணம் என்ன என்று விசாரிக்க மேயர் நியமித்த கமிட்டியும், வேலையில்லாமை, வீட்டு வாடகை, போலீஸ் கொடுமை இவைகளோடு அந்த ஆஸ்பத்திரியின் சீர்கேட்டையும் சேர்த்தே எழுதிற்று.

இதற்கு மறு வருஷம், அதாவது 1936-ல், வேலையில்லாமல் தவித்த சித்திரக்காரர்களுக்குச் சர்க்கார் சம்பளம் கொடுத்துப் பொதுக் கட்டடங்களில் படம் எழுதச் செய்த திட்டத்தின்படி, ஹார்லெம் ஆஸ்பத்திரியிலும் படம் எழுத ஏற்பாடாயிற்று. சார்லஸ் ஆல்ஸ்டன் என்னும் கறுப்புச் சித்திரக்காரர் அதற்குத் தலைவராய் இருந்தார். எழுதப்போகும் படங்களின் மாதிரிகளைக் காட்டினார்கள். ஆஸ்பத்திரித் தலைமை அதிகாரி கூடாது என்று தள்ளிவிட்டார்.

அவர் சொன்ன காரணங்களைக் கேளுங்கள். படங்களில் கறுப்பு மக்கள் விஷயமே அதிகமாய் இருக்கிறது என்பது ஒன்று. இன்னும் 25 வருஷத்தில் இந்தப் பேட்டையில் கறுப்பு மக்கள் பெரும்பான்மையாய் இல்லாமலும் போகலாம் என்பது இரண்டு. கறுப்பு மக்களே இதை ஆட்சேபிப்பார்கள் என்பது மூன்று. இது கறுப்பர் ஆஸ்பத்திரி அல்லவே என்பது நான்கு. தோழர்களே! நோயாளியாய் அவர்கள் வரலாம், சவமாய்ப் போகலாம், தரை கூட்டலாம். ஆனால் சுவரில் மனிதனாய் நிற்கக்கூடாது! தெருவில் நாய் போகலாம், பன்றி போகலாம், மனிதன் மட்டும் போகக்கூடாது என்ற நியாயத்தைக் கேட்டுப் பழகியிருக்கும் நமக்கு இந்த நியாயம் புதிது அல்ல.

ஆனால் ஹார்லெம்வாசிகள் வாய் மூடி இருக்கவில்லை. சித்திரக்காரர்கள் சங்கம் கூடிற்று. பத்திரிகைகளுக்கு எழுதினார்கள். நகர மேயர் முதல் தேசத் தலைவர் ரூஸ்வெல்ட் வரை விண்ணப்பம் அனுப்பினார்கள். "எங்கள் ஆட்சேபணையை எங்கள் வாயால் நாங்கள் சொல்லிக்கொள்ளுகிறோம், நீ எங்களுக்காகச் சொல்லாதே" என்பதுதான் அதன் சாரம். கடைசியில் அதிகாரிகள் இறங்கி வந்தார்கள், படங்களும் எழுதப்பட்டன.

அவைகளில் ஆல்ஸ்டன் எழுதிய இரண்டு படங்கள் எதிரெதிராய் வைக்கத் தக்கவை. ஒன்றில் ஆப்பிரிக்காவின் பழைய வைத்தியம், கூத்து, வழிபாட்டுச் சிலை. மற்றொன்றில் இக்கால வைத்தியம்: டாக்டர்கள், நர்சுகள், பூதக்கண்ணாடிக் கருவி. அதில் கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாய் நின்று வேலை செய்கிறார்கள். கைக்குழந்தையை ஏந்தி நிற்கும் நர்சுக்கு மாதிரியாய் இருந்தவர் அந்த ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்த்த மைரா லோகன் என்னும் இளம் பெண் டாக்டர். வெர்டிஸ் ஹேயஸ் என்ற இன்னொருவர், ஆப்பிரிக்கக் கிராமத்திலிருந்து அமெரிக்கப் பட்டணம் வரை அம்மக்கள் கடந்து வந்த வழியை எட்டுப் பகுதிகளில் எழுதினார்.

பழைய மந்திர வைத்தியத்தைச் சுவரில் எழுதலாமா என்று நம் தோழர்களில் சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் படம், மந்திரத்துக்குத் திரும்பிப் போங்கள் என்று சொல்லவில்லை. "உங்கள் பாட்டன் நோய்க்கு வழி தேடினான், அவனுக்குத் தெரிந்தது அவ்வளவு, இன்று உங்களுக்குத் தெரிவது இவ்வளவு, இரண்டும் தேடுவதே" என்று சொல்லுகிறது. ஒருவனுடைய மூட வழக்கத்தைக் கண்டிப்பது வேறு. அவனையே மிருகம் என்று சொல்லுவது வேறு. முன்னது பகுத்தறிவு, பின்னது ஆணவம். வைத்தியம் மக்களிடம் தோற்றுப்போகும் இடங்களில், அது அறிவுக் குறைவால் தோற்பதைவிட இந்த ஆணவத்தால் தோற்பதே அதிகம் என்பது நமது அபிப்பிராயம். அந்தப் படங்கள் வெகுகாலம் கவனிப்பார் இல்லாமல் பழுதடைந்து கிடந்தன. பிறகு செப்பனிடப்பட்டு, 2012-ம் வருஷம் திறக்கப்பட்ட புதிய கட்டடத்தில் வைக்கப்பட்டன. அதிகாரி சொன்ன 25 வருஷமும் போய், அதற்கு மேல் 50 வருஷமும் போய்விட்டது. அவர் வேண்டாம் என்ற முகங்களைத்தான் இன்று அந்த ஆஸ்பத்திரி தன் வாசலிலேயே, தெருவில் போகிறவர்கள் பார்க்கும்படி, கண்ணாடியில் பெரிதாக்கிக் காட்டுகிறது.

சரி, படத்தால் பலன் உண்டா என்று யாராவது அளந்து பார்த்தார்களா? பகுத்தறிவுக்காரன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பிலடெல்பியா நகரத்தில் பார்த்தார்கள். அங்கே நகரத்து மனநல இலாகாவும் சுவர்ப்பட இலாகாவும் சேர்ந்து, மனநோயால் கஷ்டப்பட்டவர்களையும் தெருவாசிகளையும் கூட்டிவைத்து, அவர்கள் யோசனையின் மேல், அவர்கள் கையாலும் வர்ணம் பூசச் செய்து படங்கள் எழுதின. யேல் சர்வகலாசாலையார் அதைச் சோதித்து 2015-ல் அறிக்கை வெளியிட்டார்கள். அற்புதம் நடந்துவிட்டதாக அதில் இல்லை. பக்கத்தில் வசிப்பவர்களுக்கு ஒருவர் மேல் ஒருவருக்கு இருக்கும் நம்பிக்கை சற்று வளர்ந்தது என்றும், மனநோயை அவமானமாக நினைப்பது சற்றுக் குறைந்தது என்றும் கண்டார்கள். "சற்று" என்பதை மறைக்காமல் சொல்லுகிறோம். ஏனென்றால் கூட்டிச் சொல்லுவது புராணக்காரன் தொழில்.

இனி இதற்கு மறுபுறத்தையும் பார்க்க வேண்டும். ஹார்லெமில் படம் எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில், அதே தேசத்தில், அலபாமா மாகாணத்தில் டஸ்கீகி என்ற ஊர்ப்பக்கம், சர்க்கார் சுகாதார இலாகாவே ஒரு வேலை செய்துகொண்டிருந்தது. 1932-ல் ஏறக்குறைய 600 கறுப்புக் குடியானவர்களைச் சேர்த்தார்கள். அவர்களில் 399 பேருக்கு மேகப்புண் நோய் இருந்தது. நோயின் பெயரைச் சொல்லாமல் "கெட்ட ரத்தம்" என்று சொல்லி, இனாம் வைத்தியம் என்று ஏமாற்றி, வைத்தியம் செய்யாமலே விட்டால் என்ன ஆகிறது என்று வேடிக்கை பார்த்தார்கள். பென்சிலின் மருந்து வந்து ஊருக்கெல்லாம் குணமான பிறகும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. 1972-ல் பத்திரிகையில் வெளிவந்த பின்தான் நிறுத்தினார்கள். 1997-ல்தான் அத்தேசத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். நாற்பது வருஷ துரோகம்! இதை மறைக்க எத்தனை சுவரில் எவ்வளவு அழகான படம் எழுதினால்தான் போதும்?

ஆகவே தோழர்களே! சுவர்ப் படம் என்பது ஒரு புரோநோட்டு. "உன்னை மனிதனாய் நடத்துவேன், உண்மை சொல்லுவேன், மருந்து கொடுப்பேன்" என்று ஊரறிய எழுதிக் கொடுக்கும் நோட்டு. நோட்டு எழுதினதாலேயே கடன் தீர்ந்துவிடாது. அதை ஆஸ்பத்திரிக்குள்ளே கொண்டுபோய் நீட்டினால் பணம் கிடைக்க வேண்டும். கிடைத்தால் நாணயம், கிடைக்காவிட்டால் பித்தலாட்டம்.

எழுதுகிற வாசகத்திலும் எவ்வளவு ஜாக்கிரதை வேண்டும் என்பதற்கு மேற்கு ஆப்பிரிக்காவைப் பாருங்கள். 2014-ல் லைபீரியா, கினியா, சியரா லியோன் ஆகிய மூன்று தேசங்களில் எபோலா என்னும் கொடிய நோய் பரவி, 28,000 பேருக்கு மேல் பிடித்து, 11,000 பேருக்கு மேல் மாண்டார்கள். ஆரம்பத்தில் அதிகாரிகள் "இதற்கு மருந்தே கிடையாது" என்று அறிவித்தார்கள். ஜனங்கள் என்ன செய்தார்கள்? "மருந்து இல்லை என்றால் ஆஸ்பத்திரிக்கு எதற்குப் போவது? வீட்டிலேயே சாகிறோம்" என்று நோயாளிகளை மறைத்தார்கள். அவர்கள் தர்க்கத்தில் என்ன தப்பு? எமகிங்கரர் படம் போட்டுப் பயமுறுத்திய புரோகிதனுக்கும் இந்த அறிவிப்புக்கும் என்ன வித்தியாசம்? மன்ரோவியா நகரத்துச் சித்திரக்காரர்கள் சுவர்களில் எழுதிய படங்களோ, நோய் உண்மை என்று சொன்னதோடு நில்லாமல், என்னென்ன அடையாளம், கையை எப்படிக் கழுவுவது, எதைத் தொடக்கூடாது என்பதையும் காட்டின. பயத்தைச் சொன்னால் போதாது. செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும்.

நம் தேசத்துக்கு வருவோம். குடும்பக் கட்டுப்பாடு என்பதை நாம் ஆதியிலிருந்தே ஆதரித்து வந்தவர்கள். பெண்களுக்கு அது விடுதலை என்று சொன்னவர்கள். அதற்காகச் சர்க்கார் நாடெங்கும் சுவர்களில் தலைகீழான சிவப்பு முக்கோணத்தை எழுதிற்று. அது நல்ல அடையாளம்தான். ஆனால் நெருக்கடி நிலைக் காலத்தில் என்ன நடந்தது? 1976-77 ஒரே வருஷத்தில் 80 லட்சம் பேருக்கு மேல் அறுவை செய்தார்கள். வட மாகாணங்களில் ஏழைகளைப் போலீசை வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். நல்ல காரியத்தைப் பலாத்காரத்தால் செய்ததால் அந்தச் சிவப்பு முக்கோணமே பயத்துக்கு அடையாளமாய்ப் போயிற்று. வெகுகாலம் கழித்து இளம்பிள்ளைவாதத்துக்குச் சொட்டு மருந்து கொடுக்கப் போனபோது உத்தரப் பிரதேசத்தில் முஸ்லிம் குடும்பங்கள் பல, "இது பிள்ளை பிறக்காமல் செய்யும் மருந்து" என்று கதவைச் சாத்தின. இதுவும் பழைய பாக்கிதான்.

அந்தக் கதவுகள் எப்படித் திறந்தன? படத்தால் மட்டும் அல்ல. அந்தத் தெருவிலேயே வசிக்கும் பெண்களை வேலைக்கு வைத்து, வீடு வீடாய்ப் போய், மறுத்த வீட்டுக்கு மறுபடியும் மறுபடியும் போய்ப் பேசினார்கள். எல்லாப் பிள்ளைகளும் மருந்து குடித்த வீட்டுச் சுவரில் "பி" என்றும், பாக்கி உள்ள வீட்டுச் சுவரில் "எக்ஸ்" என்றும் சுண்ணக்கட்டியால் எழுதினார்கள். 2011 ஜனவரியோடு இந்தியாவில் அந்நோய் நின்றது. 2014 மார்ச்சு 27-ல் உலக சுகாதார ஸ்தாபனம் அதை உறுதி செய்தது. எந்தச் சாமியும் வந்து நிறுத்தவில்லை. தெருப் பெண்களின் கால் தேய்ந்து நின்றது.

ஆகவே உங்கள் ஊர் சுகாதார நிலையத்துச் சுவரில் யாராவது படம் எழுத வந்தால் நீங்கள் மூன்று கேள்வி கேளுங்கள். முதலாவது, படத்தில் யார் முகம் இருக்கிறது? டாக்டர் சிவப்பாகவும், அழுக்கும் நோயும் உள்ளவன் கறுப்பாகவும், விளக்குமாறு பிடித்தவன் இன்ன தெருக்காரன் என்று தெரியும்படியாகவும் எழுதினால், அது சுகாதாரப் படம் அல்ல, வருணாசிரமப் படம். இரண்டாவது, படம் உங்களுக்கு என்ன சொல்லுகிறது? பயமா, கட்டளையா, அல்லது நீங்கள் இன்றைக்கே செய்யக்கூடிய காரியமா? அதை எழுதும் முன் உங்களைக் கேட்டார்களா? மூன்றாவது, படத்தில் உள்ளது உள்ளே இருக்கிறதா? சிரித்த முகத்தோடு நர்சு எழுதியிருந்தால், உள்ளே போகும் கிழவியை "ஏய்" என்று கூப்பிடாமல் இருக்க வேண்டும். மருந்து எழுதியிருந்தால் மருந்து இருக்க வேண்டும்.

இப்படிக் கேட்பது வைத்தியத்துக்கு விரோதம் அல்ல. தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள், மருந்து சாப்பிடுங்கள், வேப்பிலையையும் தாயத்தையும் நம்பிப் பிள்ளைகளைப் பறிகொடுக்காதீர்கள் என்று நாம் எப்போதும் போலவே சொல்லுகிறோம். ஆனால் மக்களைப் பார்த்து "நம்பு, நம்பு" என்று சொல்லுவதற்கு முன்னால், நம்பத் தகுந்தவனாய் நடந்துகொள் என்று வைத்தியத்தைப் பார்த்தும் சர்க்காரைப் பார்த்தும் சொல்லுவது நமது கடமை. மானமுள்ள மனிதன் மானத்தோடு நடத்தப்படும் இடத்துக்குத்தான் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவான். அந்த இடத்துச் சுவரில் அவன் முகமும் இருக்கட்டும். அந்தச் சுவருக்குள்ளே அவனுக்கு நாற்காலியும் இருக்கட்டும்.

நாம் சொன்னதை நாம் சொன்னோம் என்பதற்காக ஒப்புக்கொள்ள வேண்டாம். உங்கள் ஊர் ஆஸ்பத்திரிச் சுவரையும், அதன் உள்ளே நடப்பதையும் நீங்களே போய் ஒத்துப் பார்த்து, சரி என்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள் என்று கேட்டுக்கொள்ளுகிறோம்.